ஸ்பிதிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: தூங்கும் ஊரை முதலில் முடிவு செய்யுங்கள்

காஜா கடைத்தெருவில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் வெடித்துவிடுவதுபோல் உப்பி நிற்கும். உள்ளே இருப்பது சமவெளியில் அடைத்த காற்று. வெளியே அதை அழுத்திப் பிடிக்க ஆளில்லை. ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் தலைமை ஊர் காஜா. உயரம் சுமார் 3,700 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாக ஊட்டியில் நாம் பார்த்துவிட்டு வரும் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதற்கு மேலே இன்னும் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஸ்பிதியின் கடைத்தெரு வரும். மடங்களும் கிராமங்களும் அதற்கும் மேலே இருக்கின்றன. மெரினாவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் காஜாவில் கிடைக்கும்.

ஸ்பிதி போகிறேன் என்று சொல்பவர்கள் வண்டி வாடகையையும் ஜாக்கெட்டையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். ஒரு தாளை எடுத்து, எந்த இரவு எந்த ஊரில் தூங்கப் போகிறீர்கள், அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதுங்கள் என்பதுதான் என் பதில். அந்தப் பட்டியல் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் முறை மணாலியிலிருந்து ஒரே நாளில் குன்சும் கணவாயைத் தாண்டிக் காஜாவுக்குப் போய் இறங்கினேன். அன்றிரவு மண்டை பிளந்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. தங்கிய வீட்டு அம்மா பூண்டு சூப் வைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை என்னைத் தாபோ போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தாபோ ஏறக்குறைய நானூறு மீட்டர் தாழ்வான ஊர். மாலைக்குள் தலைவலி இருந்த இடம் தெரியவில்லை. மருந்து சூப்பில் இல்லை, அந்த நானூறு மீட்டரில் இருந்தது.

மாதம்

ஸ்பிதி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையை இமயத்தின் முன்வரிசை மலைகள் தடுத்துவிடுவதால் இங்கே புல்லே அரிதான குளிர்ப் பாலைவனம்தான் மிஞ்சியிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு, ஜூலை, ஆகஸ்டில் மழைத் தொந்தரவு இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பிதியில் பெய்யாவிட்டாலும், அங்கே போகும் சாலைகள் கின்னௌர் வழியாகவும் குலு வழியாகவும்தான் ஏறுகின்றன. அங்கெல்லாம் நன்றாகவே பெய்யும், மலை சரியும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் சாலையிலேயே காத்திருக்க நேரும்.

முதல் முறை போகிறவர்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கலாம். மழை அடங்கியிருக்கும், சாலைகள் திறந்திருக்கும், வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். வயல்களில் பச்சைப் பட்டாணியையும் பூத்துக்குலுங்கும் செடிகளையும் பார்க்க விரும்பினால் ஜூலை பிற்பாதியில் போகலாம், இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு. அக்டோபர் நடுவிலிருந்து விடுதிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்படும், தண்ணீர்க் குழாய்கள் உறையும். பனிச்சிறுத்தை பார்க்கப் பிப்ரவரி, மார்ச்சில் கிப்பர் கிராமத்துக்கு வருபவர்கள் உண்டு. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கும் இறங்கும் காலம் அது. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

வழி

ஸ்பிதிக்கு இரண்டு வாசல்கள். மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாகக் கிராம்பூ, பாதல், குன்சும் கணவாய் என்று போவது ஒன்று. சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டபின், ரோத்தங் கணவாயில் ஏறும் வேலை மிச்சமாகிவிட்டது. ஆனால் குன்சும் அப்படியேதான் இருக்கிறது, 4,500 மீட்டருக்கு மேல். பனி காரணமாக இந்த வழி பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

மற்றொன்று சிம்லாவிலிருந்து ராம்பூர், ரெக்காங் பியோ, காப், நாகோ, தாபோ வழியாகச் சட்லெஜ் நதியையும் பிறகு ஸ்பிதி நதியையும் ஒட்டியே ஏறும் வழி. காப் என்னும் இடத்தில் இரண்டு நதிகளும் கலக்கின்றன. பாலத்தில் இறங்கிப் பாருங்கள். சிம்லா வழி இரட்டிப்புத் தொலைவு, நானூறு கிலோமீட்டருக்கு மேல். அதனாலேயே அது நல்ல வழி. சாலை ஆற்றோடு படிப்படியாக ஏறுவதால் உடம்பும் படிப்படியாகப் பழகும். ஏறுவது சிம்லா வழியாக, இறங்குவது மணாலி வழியாக என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை குறைவு என்பதற்காக இதைத் தலைகீழாக்காதீர்கள். விடுமுறை அவ்வளவுதான் என்றால் இந்த ஆண்டு கின்னௌரோடு திரும்பிவிடலாம், அதுவும் அழகான மாவட்டம்தான்.

தமிழ்நாட்டிலிருந்து சண்டிகருக்கோ டெல்லிக்கோ விமானத்தில் போய் அங்கிருந்து சிம்லா ஏறலாம். நேரமிருந்தால் கால்கா-சிம்லா மலை ரயிலில் போகலாம். நம் நீலகிரி மலை ரயில்போல அதுவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 1903இல் ஓடத் தொடங்கியது, 96 கிலோமீட்டர். ஆடி அசைந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

இரவுகள்

மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் விதி இது. பகலில் உயரமான இடத்துக்குப் போய் வரலாம், தலையைச் சாய்க்கும் இடம்தான் கணக்கு. இதை வைத்து நான் போடும் திட்டம்:

முதல் இரவு சிம்லா, 2,200 மீட்டர். இரண்டாம் இரவு சராஹன், ஏறக்குறைய அதே உயரம். பீமகாளி கோயில் மரமும் கல்லும் மாறிமாறி அடுக்கிக் கட்டியது, அதற்காகவே தங்கலாம். மூன்றும் நான்கும் கல்பா, ஏறக்குறைய 2,900. விடியற்காலையில் எதிரே கின்னர் கைலாசம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தவிர அங்கே ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாம், ஆறாம் இரவுகள் தாபோ, சுமார் 3,280. ஏழு முதல் பத்து வரை காஜா. பதினோராம் இரவு சந்திரதால் ஏரி அருகே, 4,200 மீட்டருக்கு மேல். பன்னிரண்டாம் நாள் மணாலி.

கல்பாவுக்கு அடுத்து எல்லாரும் நாகோவில் தங்குவார்கள். ஊர் நடுவே சின்ன ஏரி, பழைய மடம், அழகான ஊர்தான். ஆனால் அது 3,600 மீட்டருக்கு மேல். கல்பாவிலிருந்து ஒரே தாவலில் எழுநூறு மீட்டர். பகலில் நாகோவில் சாப்பிட்டுவிட்டு, தாபோவுக்குப் போய்ப் படுங்கள். நாகோவைவிடத் தாபோ தாழ்வு, தூக்கம் வரும்.

உடம்பு

முதல் இரண்டு நாள் லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது எல்லாருக்கும் வரக்கூடியது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே இருப்பது. தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். தலைவலி மாத்திரைக்கும் அடங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை வருவது, பேச்சுக் குழறுவது, ஒரு பாதத்துக்கு முன் மற்றொரு பாதத்தை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் வண்டி பிடித்துக் கீழே போக வேண்டும்.

உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. புறப்படுவதற்கு முன் உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும். தினமும் ஜிம்முக்குப் போகும் இருபத்தைந்து வயதுப் பையன் படுத்துவிடுவான், அறுபது வயதுத் தாயார் சிரித்துக்கொண்டிருப்பார். உடற்பயிற்சிக்கும் உயர நோய்க்கும் தொடர்பில்லை. பலசாலிகள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பேன். பதறாத காரியம் சிதறாது.

பை, பணம், காகிதம்

கனமான ஒரே கோட்டைவிட, மெல்லிய துணிகளை அடுக்கடுக்காகப் போடுவது மேல். பகலில் வெயில் சுடும், நிழலுக்குள் ஒரு காலை வைத்தால் குளிரும். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் அலங்காரத்துக்கு அல்ல. இந்த உயரத்தில் வெயில் தோலை உரித்துவிடும். டார்ச் வேண்டும், மின்சாரம் அடிக்கடி போகும்.

ரெக்காங் பியோவிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். காஜாவில் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் அதில் பணமும் சிக்னலும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். சொந்த வண்டியில் போனால் ரெக்காங் பியோவுக்கும் காஜாவுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டர் பெட்ரோல் பங்க் கிடையாது என்பதை மறக்காதீர்கள். காஜாவில் நிரப்பினால் மணாலி வரை தாங்க வேண்டும்.

இந்தியக் குடிமக்களுக்கு இங்கே அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை, அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் அல்லது வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் கவனிக்கவும்: ரெக்காங் பியோவுக்கு மேலே திபெத் எல்லையை ஒட்டிச் சாலை போவதால், சும்தோ வரையிலான பகுதியைக் கடக்க உங்களுக்கு 'இன்னர் லைன் பெர்மிட்' வேண்டும். சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்காது. அதையும் உங்கள் இரவுப் பட்டியலில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பொதுப் பேருந்தில் சுற்றுவதும் முடியும். ரெக்காங் பியோவிலிருந்து விடியற்காலையில் காஜாவுக்கு அரசுப் பேருந்து புறப்படும், நாள் முழுக்க ஓடும். காஜாவிலிருந்து உள்கிராமங்களுக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு: ஊர்க்காரர்களுக்கான பேருந்து அது. மாலையில் கிராமத்துக்குப் போய், இரவு அங்கேயே நின்று, காலையில் காஜா திரும்பும். ஒரே நாளில் போய் வர வேண்டுமானால் காஜாவில் டாக்சி சங்கத்தில் கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பங்கிடுங்கள்.

மடங்கள்

மடத்தை இங்கே கோம்பா என்பார்கள். நுழையும் முறை நமக்குப் புதிதல்ல. செருப்பைக் கழற்று, தொப்பியை எடு, வலம் வா. தூபியையும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவரையும், மண்டபத்தின் உட்புறத்தையும் வலமாகவே சுற்ற வேண்டும். பிரார்த்தனை உருளையையும் அப்படியே வலமாக உருட்ட வேண்டும். நடைபாதையின் நடுவே மணிச் சுவர் வந்தால், அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். துறவியர் அமரும் திண்டுகளைத் தாண்டாதீர்கள், மூர்த்திகளை நோக்கிக் காலை நீட்டாதீர்கள். சில மடங்களில் காவல் தெய்வங்களின் அறைக்குப் பெண்களை விடமாட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் விருந்தாளியாக நின்று வழக்காடுவதிலும் உடன்பாடில்லை.

ஒரே ஒரு மடம்தான் பார்க்க நேரம் என்றால் தாபோவைப் பாருங்கள். பொ.ஆ. 996இல், மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ காலத்தில் எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்: மண் சுவர், தட்டைக் கூரை, பெரிய களிமண் பெட்டிபோல. வாசலைக் குனிந்து கடந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை அசையாமல் நில்லுங்கள். நான்கு உருவமாக அமர்ந்த வைரோசன புத்தர் நடுவே. சுவரின் பாதி உயரத்தில் ஆளுயரச் சுதைச் சிற்பங்கள் சுற்றிலும் வரிசையாக, அந்தரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியவரும். அவற்றுக்குக் கீழும் மேலும் ஆயிரம் ஆண்டு ஓவியங்கள். விளக்குப் போட மாட்டார்கள், படமெடுக்க விட மாட்டார்கள். ஒளியும் ஈரமும்தான் அந்தச் சாயங்களின் எதிரி. சிறிய டார்ச் கொண்டுபோய், துறவியிடம் கேட்டுவிட்டு, ஓரிரு நொடி மட்டும் அடித்துப் பாருங்கள். சுவரைத் தொடாதீர்கள், முதுகுப் பையைக் கழற்றி வாசலில் வையுங்கள். திரும்பும்போது பை உரசித்தான் ஓவியம் உதிரும்.

தன்கர் மடம் அரித்துப்போன மண்குன்றின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. கீழே 'பின்' என்னும் நதியும் ஸ்பிதி நதியும் கூடும் இடம். ஸ்பிதியின் பழைய தலைநகர் இதுதான். பழைய கட்டடம் நலிந்திருப்பதால் ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். மேலே உள்ள ஏரிக்கு ஒரு மணி நேர ஏற்றம். தாபோவிலிருந்து காஜா போகும் வழியில் பார்த்துவிடலாம்.

கீ மடம் எல்லா நாட்காட்டியிலும் இருக்கும் படம். 4,166 மீட்டர், ஸ்பிதியின் மிகப் பெரிய மடம். காலை வழிபாட்டுக்குப் போனால் கூட்டம் இருக்காது. சிறுவர் துறவிகள் கொட்டாவி விட்டுக்கொண்டே ஓதுவதைக் கேட்கலாம். சமையலறையில் மூலிகைத் தேநீர் கொடுப்பார்கள். விலை கேட்காதீர்கள், உண்டியலில் போடுங்கள்.

கிராமங்கள்

கீயோடு சேர்த்துக் கிப்பரையும், ஆழமான பள்ளத்துக்கு மேல் தொங்கும் சிச்சம் பாலத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். 2017இல் பாலம் வரும்வரை சிச்சம் மக்கள் கம்பியில் ஓடும் தொட்டியில் உட்கார்ந்துதான் அந்தப் பள்ளத்தைக் கடந்தார்கள். மறுநாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூன்றும். ஹிக்கிமில் 1983 முதல் ஒரு தபால் நிலையம் இயங்குகிறது, 4,400 மீட்டரில். காஜாவிலேயே அஞ்சலட்டை வாங்கி எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய் எழுத உட்கார்ந்தால் விரல் விறைக்கும். 'உலகிலேயே உயரமான' என்ற பலகை இந்தப் பக்கம் தபால் நிலையத்துக்கும் உண்டு, கிராமத்துக்கும் உண்டு, பெட்ரோல் பங்க்குக்கும் உண்டு. வாதாடாமல் படமெடுத்துக்கொண்டு நகருங்கள்.

லாங்சாவில் குழந்தைகள் சுருள் பதிந்த கற்களை நீட்டுவார்கள். இமயம் எழுவதற்கு முன் இங்கிருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் புதைபடிவங்கள் அவை. சிலர் வீட்டுப் பூஜையறையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் இதே வகைதான். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு கல் எடுத்தால் அந்த மலையில் கடல் இருந்ததற்குச் சாட்சி இருக்காது.

ஓர் இரவாவது வீட்டில் தங்குங்கள், ஓட்டலில் அல்ல. 'பின்' நதிப் பள்ளத்தாக்கின் முத் கிராமம் நல்ல இடம். ஆனால் அது காஜாவைவிடச் சற்றே உயரம், ஆகவே காஜாவில் இரண்டு இரவு கழித்தபின் போங்கள். வெள்ளையடித்த மண்வீடு, கூரையில் தீவனமும் விறகும், சமையலறை நடுவே 'தந்தூர்' என்கிற இரும்படுப்பு, அதைச் சுற்றித்தான் குடும்பம் முழுக்க. 'ஜூலே' என்றால் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாம்.

இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் பருப்பு வேகாது. எல்லா வீட்டிலும் குக்கர் விசில் கேட்டுக்கொண்டே இருக்கும். துக்பா என்னும் நூடுல்ஸ் சூப், மோமோ, ஆவியில் வெந்த திங்மோ ரொட்டி, வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் கிடைக்கும். உப்புத் தேநீரைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது. சூப் என்று நினைத்துக் குடியுங்கள். சைவர்களுக்குச் சிரமமில்லை. சிறு டப்பாவில் புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் ஐந்தாம் நாள் அருமை தெரியும்.

கழிவறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பல வீடுகளில் தரையில் ஓட்டை, பக்கத்தில் மண்குவியல், ஒரு கரண்டி. போனபின் மண்ணை அள்ளிப் போட வேண்டும். அது வசந்தத்தில் வயலுக்கு எருவாகும். நம் பழக்கத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் எரு கெடும், நாறும். பனி உருகி வரும் தண்ணீரை நம்பி வாழும் ஊர் என்பதால், அதைக் குளியலுக்கும் கேட்டு வாங்காதீர்கள். துண்டை நனைத்துத் துடைத்துக்கொண்டால் போதும், யாருக்கும் வியர்ப்பதில்லை.

இறங்கும் வழி

காஜாவிலிருந்து குன்சும் ஏறி இறங்கினால் சந்திரதால் ஏரிக்குச் சாலை பிரியும். ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் ஒப்பந்தத்தின் பட்டியலில் 2005 முதல் இருக்கும் ஏரி அது. கரையில் கூடாரம் போடத் தடை, சில கிலோமீட்டர் தள்ளித்தான் தங்கல். மணாலி வழியாக வருகிறவர்கள் முதல் இரவே இங்கே படுத்து அவதிப்படுவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் பத்து நாள் பழகி வந்திருப்பீர்கள், ஏரியைச் சுற்றி நடக்கவே மூச்சு இருக்கும்.

மறுநாள் விடிந்ததும் புறப்படுங்கள். பாதலுக்கும் கிராம்பூவுக்கும் இடையே சாலை பெயருக்குத்தான். குறுக்கே ஓடைகள் பாயும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், மத்தியானத்துக்குமேல் அதே ஓடையில் சக்கரம் மூழ்கும். ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு தண்ணீரில் கடந்துவிட்டால், மதியச் சாப்பாடு சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்.